ரோடு போய்ச் சேராத ஏரிக்கரை ஊர்: ஸ்டெஹீக்கின் போனவர்கள் பகிருங்கள்

சியாட்டில்வாசி:

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்கேட் மலைகளுக்கு நடுவே சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கிறது ஷெலான் ஏரி. அதன் மேல்கோடியில்தான் ஸ்டெஹீக்கின். வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவர்கள் ஏறக்குறைய நூறு பேர். வெளியிலிருந்து ரோடு கிடையாது. படகில் போகலாம், தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில் போகலாம், இல்லையென்றால் கணவாய் தாண்டி நடக்க வேண்டும்.

நாங்கள் செப்டம்பரில் படகில் போனோம். முன்பக்கம் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர். பக்கத்தில் இருந்த வயதான அம்மா அந்த ஊர்க்காரர். "சாமான் சீட்டை எழுதிப் படகில் அனுப்பிவிடுவோம். கீழே ஷெலான் டவுனில் கட்டி ஏற்றிவிடுவார்கள்" என்றார். கார், எரிபொருள், வீடு கட்டும் சாமான் எல்லாம் தட்டைப் படகில் வருமாம்.

"உங்கள் ஊருக்கு மேயர் யார்?" என்று கேட்டேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்றார். நகராட்சியும் கிடையாது, நிர்வாகம் ஷெலான் கவுன்டியிடம் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). 1968-இல் இந்தப் பகுதி தேசியப் பொழுதுபோக்குப் பகுதியானதிலிருந்து சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் தேசியப் பூங்கா சேவையின் பொறுப்பில் இருக்கிறது. தனியார் நிலம் கொஞ்சம்தான். வளர்ந்த பிள்ளைகள் திரும்பி வந்து வீடு கட்ட இடம் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கவலை. 2003 வெள்ளத்தில், பள்ளத்தாக்குக்குள் மட்டும் ஓடும் ரோட்டின் மேல்பகுதி அடித்துப் போனது, இன்றுவரை அதைத் திரும்பப் போடவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. முடிவெடுக்கிற இடம் ஊருக்கு வெளியே இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குப் பட்டது.

படகுத்துறைக்கு மேலே இருக்கும் பார்வையாளர் மையத்தைத் தவறவிடாதீர்கள். 1927-இல் அணை கட்டி ஏரியை ஆறு மீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். கரையில் இருந்த பழைய ஹோட்டல் முழுகிவிடும் என்பதால் அதைப் பிரித்து, அந்த மரங்களைக் கொண்டே இந்தக் கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

அப்புறம் பக்னர் பழத்தோட்டம். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பழைய ரக ஆப்பிள் மரங்கள் இன்னும் காய்க்கின்றன. கடையில் வாங்கும் ஆப்பிளில் அந்த மணம் கிடைக்காது!

நடைப்பிரியன்:

நான் படகில் போகவில்லை, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை மலைகளூடே போகும் பசிபிக் கிரெஸ்ட் நடைபாதை வழியாக வந்தேன். வடக்கே நடப்பவர்களுக்குக் கனடா எல்லைக்கு முன் கடைசியாகச் சாமான் சேர்த்துக்கொள்ளும் இடம் இதுதான். நடைபாதை ஊர் ரோட்டைத் தொடும் ஹை பிரிட்ஜில் பஸ் ஏறினால் துறைக்குச் சுமார் 18 கிலோமீட்டர். வழியில் பேக்கரியில் பஸ்ஸை நிறுத்துவார்கள், பட்டை மணக்கும் ரோல் அவ்வளவு பெரியது. தபால் நிலையத்தில் முன்கூட்டியே அனுப்பியிருந்த என் பெட்டி பத்திரமாக இருந்தது. அங்கிருந்த அம்மா பெட்டியைத் தருமுன் என் கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மருந்துத்துணி எடுத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாதவன் நான். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

மதுரைப்பொண்ணு:

2024-இல் டிக்கெட் போட்டிருந்தோம், பயனியர் காட்டுத்தீயால் போக முடியவில்லை. ஜூனில் ஏரியின் வடகரையில் பிடித்த தீ கரையோடு மேலே ஏறி, ஜூலை கடைசியில் ஊரையே காலி செய்யச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. தப்பிக்கவும் அதே ஏரிவழிதான், யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் போனபோது கரையோரம் கருகிய சரிவுகளைப் படகிலிருந்தே பார்த்தோம். எங்களுக்கு சைக்கிள் கொடுத்தவர் குடும்பத்தைக் கீழே அனுப்பிவிட்டு, வீட்டுக் கூரைமேல் தண்ணீர் தெளிப்பான் ஓட்டிக்கொண்டு தான் மட்டும் தங்கினாராம். மரம் போன சரிவில் பெருமழை பெய்தால் மண்ணும் பாறையும் சேர்ந்து இறங்குமே என்று இப்போது மழைக்கும் பயப்படுகிறார்கள்.

போகிறவர்கள் கவனிக்க: செல்போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். காலையில் போய் அதே படகில் திரும்பினால் ஊரில் கொஞ்ச நேரமே கிடைக்கும், ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.