லாஞ்சர் திறக்காமல் போன சனிக்கிழமை: உங்களுக்கும் நடந்ததா?

குரோம்பேட்டைக்காரன்:
அப்பா 2011-ல் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போய் அசெம்பிள் பண்ணி வாங்கித் தந்த சிஸ்டம். விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். அப்பா இப்போது இல்லை. அண்ணன் ஷார்ஜாவில். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் நாங்கள் இருவரும் ஒரு டேங்க் கேம் ஆடுவோம், பேச்செல்லாம் அதற்குள்ளேதான். அன்று கேமைத் திறந்துவிடும் லாஞ்சரில் அப்டேட் நூறு சதவீதம் போய் நின்றது. பிறகு ஒரு சாம்பல் நிறப் பெட்டி: இந்த இயங்குதளத்தில் இனி ஓடாது. போனில் அண்ணன், "டேய், வர்றியா இல்லையா?" என்கிறான். எனக்கு வாய் வரவில்லை. சிபியு மேல் அப்பா ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்து கறையாகிவிட்டது, நான் துடைத்ததே இல்லை.

வேளச்சேரி மூணாவது மாடி:
மிக்ஜாம் வெள்ளத்தில் கீழ்வீட்டுப் பையனின் சிபியுவைத் தோளில் தூக்கி மேலே வைத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் ஒரே அப்டேட்டில் அவன் கேம் போச்சு. "அண்ணா, சிஸ்டம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான். நல்லாத்தான் இருந்தது.

ஓஎம்ஆர் டெஸ்டர்:
வருத்தம் புரிகிறது, ஆனால் கேம் செய்பவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மைக்ரோசாப்டே விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரி 14-ல் கைவிட்டது. கேம்களை விற்று, அவற்றைத் திறந்தும் தரும் ஸ்டீம் 2024 ஜனவரி 1 வரை இழுத்துப் பிடித்தது. ஸ்டீமுக்குள்ளே ஓடுவது குரோம் பிரவுசரின் எஞ்சின். குரோம் 109-க்கு மேல் 7-ல் ஏறாது. ஒரு பழைய விண்டோஸைச் சேர்த்தால் கேமின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அதிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன், ராத்திரி ரெண்டு மணி வரை.

வேளச்சேரி மூணாவது மாடி:
சார், ஆன்லைன் கேம் என்றால் சரி. அந்தப் பையன் ஆடியது தனியாக ஆடும் கேம். காசு கொடுத்து வாங்கியது. பழைய வெர்ஷனையாவது விட்டு வைத்திருக்கலாம் இல்லையா?

பெரம்பூர் லோகோ:
எனக்கும் 2019-ல் விண்டோஸ் எக்ஸ்பியில் இதே கதை, அதை விடுங்கள். குரோம்பேட்டை தம்பி, முதலில் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் குளோன் (முழு நகல்) எடுங்கள். சேவ் ஃபைல்கள் டாக்குமென்ட்ஸிலோ, ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரிலோ இருக்கும், ரெண்டு இடத்திலும் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கு மாறலாம் என்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், 2011 மதர்போர்டில் அது இருக்காது. லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கேமை அதில் ஓட வைக்கும் புரோட்டானில் ஓட்டலாம், ஆனால் அதற்குத் தேவையான வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையை உங்கள் கிராபிக்ஸ் கார்டு எடுக்குமா என்று முதலில் பாருங்கள். இனி வாங்கும்போது ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடை மாதிரி, நெட் இல்லாமலே நிறுவ ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தரும் இடத்தில் வாங்கி, பென் டிரைவில் அல்ல, தனி டிஸ்க்கில் வையுங்கள். பழைய சிஸ்டத்தில் நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். பேங்க் வேலையை மறந்தும் அதில் செய்யாதீர்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
நன்றி அண்ணே. தேடினேன். ஆப்டேட்டாவில் நாங்கள் ஆடிய மேட்ச்களின் பதிவுகள், ரீப்ளேக்கள், 41 இருக்கின்றன. திறக்க அந்த லாஞ்சர்தான் வேண்டும்.