1986க்குப் பிறகு வேலைநிறுத்தம் இல்லை: தேவைப்படவில்லையா, வழி அடைபட்டதா?

தேக்கா மாறன்:
சிங்கப்பூரில் மே தினக் கூட்டம் ஒன்றில் பேசியவர், "இங்கே சட்டப்படி நடந்த கடைசி வேலைநிறுத்தம் 1986இல், எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் செய்யும் ஹைட்ரில் நிறுவனத்தில். அதன்பின் நமக்கு அது தேவைப்படவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. 1968இல் தொழில் உறவுச் சட்டத்தைத் திருத்தியபோதே ஆளெடுப்பு, பணிநீக்கம், பதவி உயர்வு, இடமாற்றம் பற்றிச் சங்கம் பேரம் பேசக்கூடாது என்றாகிவிட்டது. பேசவே கூடாது என்று ஒதுக்கிவைத்த விஷயத்துக்காக யார், எப்படிப் போராடுவது?

செம்பவாங் ராஜன்:
மாறன், 1968ஐச் சொன்னீர்கள். அந்த ஆண்டு எப்படி விடிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஜனவரியில்தான் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் திரும்ப அழைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. என் அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வெல்டர். வானொலியில் செய்தி கேட்ட இரவு அவர் சாப்பிடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, இன்னும் எத்தனை மாதச் சம்பளம் வரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான்.

1955இல் மட்டும் 200க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். அந்த ஆண்டு மே 12 அன்று, ஹோக் லீ பஸ் நிறுவனத் தகராறில் வெடித்த கலவரத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அப்படிப் பெயரெடுத்த ஊரில் எந்த முதலாளி ஆலை கட்டுவார்? தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயரும், சங்கங்களின் கூட்டமைப்பான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் 1969 கருத்தரங்கில் மோதலை விட்டு அரசோடும் முதலாளிகளோடும் ஒத்துழைக்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அப்பாவைப் போன்றவர்களின் அடுப்பு அணையக்கூடாது என்பதற்காகத்தான். 1973இல் விலைவாசி ஏறியபோது தோ பாயோ வட்டாரத்தில் காங்கிரஸ் 'வெல்கம்' என்ற கூட்டுறவுக் கடையைத் திறந்தது. அம்மா அங்கே அரிசி வாங்கித் தலையில் சுமந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் சங்கத்தின் வெற்றிதான்.

அஞ்சல்காரர் மகள்:
ராஜன், உங்கள் அப்பாவின் அந்த இரவு என்னையும் கலங்க வைத்தது. ஆனால் வேலைநிறுத்தம் என்றதும் ஹோக் லீயையே எல்லாரும் காட்டுவது ஏன்? அந்தத் தகராறு எதில் தொடங்கியது? சிங்கப்பூர் பஸ் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்ததற்காக 200க்கும் மேற்பட்டவர்களை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியதில்தானே?

1952 மே மாதத்தைப் பாருங்கள். சுமார் 500 அஞ்சல் ஊழியர்கள், பலர் மலாய்க்காரர்களும் இந்தியர்களும், ஏறத்தாழ இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அவர்களின் சட்ட ஆலோசகர் லீ குவான் இயூ என்ற இளம் வழக்கறிஞர். கலவரம் இல்லை, சம்பளம் உயர்ந்தது. அஞ்சல்காரரான என் அப்பா அந்த இரண்டு வாரமும் தினமும் காலையில் காலணிக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைப்பாராம். "எந்த நாளும் கூப்பிடலாம், தயாராக இருக்கவேண்டும்" என்பாராம். வேலையை வெறுத்தவர்கள் செய்த போராட்டமா அது?

தேக்கா மாறன்:
அம்மா, நன்றி. ஹைட்ரில் கதையையும் முழுதாகச் சொல்லவேண்டும். 61 பேர், இரண்டே நாள். சங்க உறுப்பினர்களை நிர்வாகம் நடத்திய விதத்தை எதிர்த்து நடந்தது. அனுமதி கொடுத்தவர் ஓங் டெங் சியோங், காங்கிரசின் தலைமைச் செயலாளர், அதே நேரத்தில் துணைப் பிரதமர். அமைச்சரவையிடம் முன்கூட்டிச் சொல்லாமலே கொடுத்ததாகவும், சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள் என்றும் பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னார். துணைப் பிரதமரே மறைத்துச் செய்யவேண்டியிருந்த காரியத்தைத் "தேவைப்படவில்லை" என்று எப்படிச் சொல்வது?

செம்பவாங் ராஜன்:
அதையே நான் மறுபக்கம் படிக்கிறேன். அரசோடு பேசும் மேசையில் சங்கத்துக்கு ஓர் இடம் இருந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. இரண்டே நாளில் தீர்ந்ததும் அதனால்தான். துப்புரவு ஊழியருக்கு 2014இல் அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி என்று உரிம விதியோடு சேர்த்துக் கட்டாயமாக்கினார்களே, எந்தத் தெருவில் இறங்கிப் பெற்றோம்?

புதுக்கோட்டைத் தம்பி:
ஐயா, நான் கட்டுமான வேலை செய்கிறேன். முந்தைய முதலாளி மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார். விடுதியில் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் பாக்கி. ஒரு நாள் லாரியில் ஏறாமல் நிற்கலாமா என்று பேசினோம். ஒருவர் 2012ஐ நினைவுபடுத்தினார்: சீன நாட்டுப் பஸ் ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்கு வராமல் இருந்தார்கள், ஐவர் சிறைக்குப் போனார்கள், 29 பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தியாவசியச் சேவை என்பதால் 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்கவேண்டுமாம். எங்கள் வேலை அதில் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் லாரி வந்தது, ஏறிவிட்டோம்.

செம்பவாங் ராஜன்:
தம்பி, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் 2009இல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைத் தொடங்கின. நீங்கள் அங்கே போயிருக்கவேண்டும்.

புதுக்கோட்டைத் தம்பி:
போனேன் ஐயா. அன்பாகப் பேசினார்கள், படிவம் நிரப்ப உதவினார்கள், இரண்டு மாதச் சம்பளம் வந்தது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் நான் சங்கத்தில் சேரலாம், அமைச்சர் அனுமதி இல்லாமல் பொறுப்புக்கு வர முடியாது என்று பிறகு தெரிந்தது. அஞ்சல்காரர் ஐயா வாசலில் காலணி வைத்துக் காத்திருந்தார் என்றீர்களே அம்மா, அவரைக் கூப்பிட ஒரு சங்கம் இருந்தது. அந்த மூன்றாவது மாதச் சம்பளத்துக்கு நான் யாரைக் கூப்பிடுவது?

அஞ்சல்காரர் மகள்:
தம்பி, சம்பளச் சீட்டு கொடுத்தார்களா? 2016 ஏப்ரல் முதல் அது சட்டப்படி கட்டாயம். இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போன நாள்களை ஒரு நோட்டில் எழுதுங்கள், மற்ற பதினொரு பேரையும் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருவீர்கள் அல்லவா? நோட்டைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். ராஜன், நீங்களும் வரவேண்டும்.