டிரெய்லர் ஆனிங் சுருள மறுக்கிறது

மிச்சிகனில் ஏரிக்கரை முகாம் ஒன்றில் இருக்கிறோம். 1997ஆம் ஆண்டு டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் கூண்டு). அதன் பக்கவாட்டில் கையால் இயக்கும் 16 அடி ஆனிங், அதாவது விரித்துச் சுருட்டும் துணிக்கூரை. வெள்ளி மாலை விரித்தோம், இன்று காலையிலிருந்து சுருட்ட முடியவில்லை. வலது முனை நெம்புகோலைச் சுருட்டும் பக்கம் தள்ளினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி, துணி சுருளும் குழாய் அசையவில்லை. நான் பட்டையை இழுத்துப் பிடித்துப் பாரத்தைக் குறைக்க, மனைவி கொக்கிக் கம்பியால் நெம்புகோலைத் தட்டிப் பார்த்தாள். சிலிக்கான் ஸ்பிரேயும் அடித்தாயிற்று. குழாயைப் பூட்டும் பல்சக்கரத்திலிருந்து துருப்பொடி உதிர்கிறதே தவிர, பிடி விடவில்லை. முனை மூடியைக் கழற்றப் பயம். உள்ளே முறுக்கேறிய சுருள்வில் விரலைப் பதம்பார்த்துவிடும். நாளை மதியம் கிளம்ப வேண்டும்.

சுருள்வில்லின் முறுக்கை அவிழ்க்காமல் பல்சக்கரப் பூட்டை மட்டும் விடுவிப்பது எப்படி?