கட்டுநாயக்க–சென்னை: ஐம்பது நிமிடமா, ஒன்றரை மணியா?

டிக்கோயாக்காரன்:
நேற்று இங்கே ஒரு தம்பி, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தார். பெரிய பைலட் மாதிரி. நான் 2003இல் போய் வந்தவன். டிக்கெட்டில் புறப்பாடு 9.40, இறங்குவது 10.30. ஐம்பதே நிமிடம். கழித்தல் தெரிந்தவர்கள் கழித்துப் பார்க்கலாம்.

பண்டாரவளைத் தம்பி:
அந்தத் தம்பி நான்தான். போன வாரம் அக்காவை ஏற்றிவிட்டு வந்தேன். 1 மணி 25 நிமிடம் என்று போட்டிருந்தது.

டிக்கோயாக்காரன்:
ஏற்றிவிட்டவருக்கு என்ன தெரியும்? ஏறியவனைக் கேளுங்கள். நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 800க்கு மேல் பறக்கும். ஐம்பது நிமிடமே அதிகம்.

மஸ்கெலியா மருமகன்:
ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, சென்னைக்கு மேல் வட்டமடிப்பது எல்லாம் 800இலா அண்ணே? கொழுந்து லொறியே கினிகத்தேனை வளைவில் கியர் மாற்றுகிறது.

லயத்துப் பிள்ளை:
எங்கள் சொந்தமெல்லாம் திருச்சிப் பக்கம். அது 420 கிலோமீற்றர்கூட வராது. சென்னைதான் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து போங்கள், 360க்குள் முடிந்துவிடும்.

மஸ்கெலியா மருமகன்:
பலாலியில் விசிறி வைத்த சின்ன விமானம். தூரம் பாதியானாலும் நேரம் பாதியாகாது. ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ராத்திரி பஸ்ஸில் முதுகு ஒடிவதை யார் கணக்கில் சேர்ப்பது?

டிக்கோயாக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். 9.40, 10.30.

பண்டாரவளைத் தம்பி:
அண்ணே, இப்போதுதான் பிடிபட்டது. 2006 ஏப்ரல் வரை நம் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். உங்கள் ஐம்பதோடு முப்பதைக் கூட்டுங்கள்.

டிக்கோயாக்காரன்:
கடிகாரம் முந்தினால் விமானம் மெதுவாகப் பறக்குமா? இவர்தான் போன மாதம், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் நானுஓயா என்று அடம்பிடித்தவர். பட்டிப்பொல என்று நான் சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது.

பண்டாரவளைத் தம்பி:
அடங்கவில்லை. நான் சொன்னது பெரிய ஸ்டேஷன்களில்.

லயத்துப் பிள்ளை:
ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்கவுக்கு வேனில் ஐந்து மணி நேரம் குலுங்கிப் போகிறோம். அப்புறம் மூன்று மணி நேரம் அங்கே குந்தியிருக்கிறோம். இதில் ஐம்பதா எண்பதா என்று...

டிக்கோயாக்காரன்:
வேனைப் பற்றி யார் கேட்டது? டிக்கெட் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அகப்பட்டுவிட்டது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் 9.40, 10.30 பளிச்சென்று தெரிகிறது.

பண்டாரவளைத் தம்பி:
திரும்பி வந்த நேரத்தையும் வாசியுங்களேன்.

டிக்கோயாக்காரன்:
புறப்பாடு 11.30, இறங்குவது 1.20. வரும்போது எதிர்க்காற்று.

மஸ்கெலியா மருமகன்:
ஒரு மணி நேரத்துக்குக் காற்றா அண்ணே?

டிக்கோயாக்காரன்:
அன்றைக்கு அந்த விமானத்தில் நீங்கள் இருந்தீர்களா?