‘ஹேண்ட் டப்’: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பாடநூலுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரையும் தீயணைப்பு வண்டிகளையும் பற்றியது. 1848இல் பெண்ணுரிமை மாநாடு நடந்த ஊர் என்று தெரிந்திருக்கும். பம்புகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் அது பேர்போன ஊர். சில்ஸ்பி கம்பெனி நீராவி வண்டி செய்தது அங்கேதான்.

நீராவிக்கு வார்த்தை இருக்கிறது. அதற்கு முந்திய, கையால் அழுத்தித் தண்ணீர் பீய்ச்சும் ‘ஹேண்ட் டப்’ வண்டிக்குத்தான் இல்லை. ஒரு தொட்டி, அதற்குள் இரண்டு உருளைகள் (சிலிண்டர்கள்), இருபுறமும் நீளக் கைப்பிடிகள். ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று மாற்றி மாற்றி அழுத்துவார்கள். சில நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும், அடுத்த ஆட்கள் வருவார்கள். முதலில் வாளி வாளியாகத் தொட்டியை நிரப்பினார்கள். பிறகு உறிஞ்சுகுழாய் வந்தது, குளத்திலிருந்தே இழுத்தார்கள். ‘கைத்தொட்டி’ என்று போட்டேன். மகள் படித்துவிட்டு, “கை கழுவுற தொட்டியா அம்மா?” என்றாள்.

மு. எழுதியது:

அம்மா, புதுச்சொல் எதற்கு? ‘சிவிறி’ இருக்கிறதே! மணிமேகலையின் ஒரு காதையில் வருகிறது. நீராட்டில் மணநீரைப் பீய்ச்சும் கருவி. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் தீயணைக்கப் பித்தளைப் பீச்சாங்குழல் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் பிடிக்க, மூன்றாமவர் தண்டைத் தள்ளுவார். 1666 பெருந்தீயிலும் அது இருந்தது. அதுவே சிவிறி. உங்கள் வண்டி அதன் பேரன். ‘பெருஞ்சிவிறி’ என்க.

அதே காதையில் ‘சுருங்கை’யும் உண்டு, நிலத்தடி நீர்வழி. கிரேக்கச் ‘சிரிங்ஸ்’ஸிலிருந்து வந்தது என்பார்கள். ஆங்கிலச் சிரிஞ்சும் அதன் பிள்ளைதான். நான் ஒப்பமாட்டேன். சுருங்குவதால் சுருங்கை. அலெக்சாந்திரியாவின் டெசிபியஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அழுத்துபம்பு செய்தான் என்பது சரி. சொல்லும் அவனோடு கப்பலேறி வந்ததா என்ன?

ர. எழுதியது:

ஐயா, பத்து வயதுப் பிள்ளைக்குச் சிவிறி என்றால் ஏதோ பூச்சி என்று நினைக்கும். தெருமுனையில் கிடப்பதை என்னவென்று சொல்கிறோம்? அடிபம்பு. கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர். அதைச் சக்கரத்தில் ஏற்றினால் ‘அடிபம்பு வண்டி’. முடிந்தது.

மு. எழுதியது:

பம்பு தமிழா தம்பி? ‘எக்கி’ என்று ஒரு சொல்லை நாம் எத்தனை ஆண்டாகப் புழங்குகிறோம்!

ர. எழுதியது:

இந்தக் குழுவில்தான் புழங்குகிறோம். மோட்டார் பழுதுபார்க்கிற கடையில் போய் “எக்கி ஓடலை” என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், எக்குவது என்றால் வயிற்றை உள்ளே இழுப்பது. இந்த வண்டி வெளியே தள்ளுகிறது.

செ. எழுதியது:

இரண்டும் செய்கிறது. ஒரு உருளை இழுக்கும்போது மற்றது தள்ளும். அப்படியே விட்டால் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். அதற்காகவே நடுவில் ஒரு காற்றறை. உள்ளே அழுந்திய காற்று தாரையை அறாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். 1720களில் லண்டனில் நியூஷாம் என்பவர் காப்புரிமை வாங்கிய வண்டியிலேயே இது உண்டு. எந்தச் சொல் வைத்தாலும் பாடத்தில் காற்றறையை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு ‘ஏற்றப்பொறி’ பிடித்திருக்கிறது. ஏற்றம் மாதிரியே ஒரு பக்கம் தாழ மறு பக்கம் உயரும். அந்த வண்டியடியிலும் தீயணைப்போரின் தலைவர் ஊதுகுழல் போன்ற ஒன்றை வாயில் வைத்துக் கத்துவார். நமக்கு ஏற்றப்பாட்டு. கம்பரே ஏற்றக்காரனிடம் தோற்ற கதை…

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

செ. அண்ணை, பொறி வேண்டாம். தீயணைப்புப் பொறி என்பதைச் சுருக்கப்போய் யாரோ ‘தீப்பொறி’ என்று எழுதிவிடுவார்கள். தீயை அணைக்கப் போனது தீயை மூட்டிவிடும்!

ந. அக்காவின் வரைவைத் தனியே பார்த்தேன். அதில் ‘தீயணைப்பு நிறுவனம்’ என்று இருக்கிறது. ஃபிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் தொடங்கிய ‘யூனியன் ஃபயர் கம்பெனி’ வியாபாரக் கம்பெனி அல்ல, ஊரார் சேர்ந்த குழு. எங்கள் பக்கம் தீயணைப்புப் படை என்றே சொல்வோம். படை என்று வைத்தால் சம்பளமில்லாத் தொண்டர்களுக்கும் பொருந்தும்.

ந. எழுதியது:

ஐயோ, ‘நிறுவனம்’ என் தவறுதான். படை என்று மாற்றிவிட்டேன். க. தம்பிக்கு நன்றி. கேட்ட சொல்தான் இன்னும் வரவில்லை.

நெறியாளர் எழுதியது:

இன்று வியாழன். கம்பர் கதைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இதுவரை அடிபம்பு வண்டிக்கு நால்வர், சிவிறிக்கு ஒருவர், ஏற்றப்பொறிக்கு ஒருவர் (அவரும் தயங்குகிறார்).

ந. எழுதியது:

‘அடிபம்பு வண்டி’ என்றே அனுப்பிவிட்டேன். லண்டன் பீச்சாங்குழல் வரும் பத்தியில் மட்டும் ‘சிவிறி’. காற்றறைக்குப் படம் போட்டிருக்கிறோம்.

மு. எழுதியது:

ஒரு பத்தியில் நுழைந்தால் போதும், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வேன். ‘வண்டி’ என்பதும் தமிழ்தானா என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.