கேக், குக்கி, பை (pie): இந்த ஆங்கில மரபுத்தொடர்களுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் கைக்கு வரவேண்டிய ஒரு ஆர்டர் தவறிப்போனது. எங்கள் மேலாளர் தோளைக் குலுக்கிவிட்டு, "தட்ஸ் த வே த குக்கி கிரம்பிள்ஸ்" என்றார். பிஸ்கட் உதிர்வதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. 'நடந்தது நடந்துவிட்டது, என்ன செய்ய' என்று பொருளாம், அப்புறம்தான் தெரிந்தது.

"ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்" மட்டும் மறக்கவே இல்லை. நம் 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை'தானே அது! "ஈட் ஹம்பிள் பை" என்றால் தவறை ஒப்புக்கொண்டு தலைகுனிவது. பை என்பது மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்; ஆனால் இதில் இனிப்பே இல்லை. அந்தக் கால இங்கிலாந்தில் மானின் ஈரல், குடல் வைத்துச் செய்த 'அம்பிள் பை'யிலிருந்து வந்ததாம்.

இப்போது என் சந்தேகம். "ஐசிங் ஆன் த கேக்" (கேக் மேல் பூசும் இனிப்பு போல, இருப்பதன் மேல் கூடுதலாக வருவது) நல்லதுக்கு மட்டும்தானா, கெட்டது மேல் கெட்டது வந்தாலும் சொல்லலாமா? மேலதிகாரியை "ஸ்மார்ட் குக்கி" (புத்திசாலி ஆள்) என்றால் மரியாதைக் குறைவாகிவிடுமா? அன்றாடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள், எந்த இடத்தில் யாரிடம் சொன்னீர்கள் என்பதோடு எழுதினால் பெரிய உதவி. ஒத்த தமிழ்ப் பழமொழி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.