கடலூர், புதுச்சேரி நண்பர்களே, ஓர் உதவி

வணக்கம். எனக்குத் திருப்பாதிரிப்புலியூர். சமூகப்பணி முதுகலை, கடைசி வருஷம். சடங்கு, மதம் சார்ந்து குழந்தைகளுக்கு நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமைகளை எப்படி விசாரித்தார்கள் என்பதுதான் என் ஆய்வு.

இங்கிலாந்தில் மானிடவியலாளர் ஜீன் லா ஃபான்டெய்ன் 1994-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், சடங்கு, சாத்தான் வழிபாடு என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்ததாகப் புகார் எழுந்த 84 வழக்குகள். சடங்குக்கு ஆதாரம் கிடைத்தது மூன்றில்தான். சாத்தான் வழிபாட்டுக்கு ஒன்றிலும் இல்லை. அதற்காகப் பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. பல வீடுகளில் கொடுமை நிஜம்; சாத்தான் கதையைச் சேர்த்ததில் பெரியவர்களுக்குத்தான் பெரும்பங்கு.

நம் பக்கம் சாத்தானுக்கு வேலையில்லை. பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, வலிப்பு வந்த பிள்ளைக்குச் சூடு போடுவது... இதைச் சடங்குக் கொடுமை என்பதா, வெறும் அடி என்பதா? எனக்கும் என் வழிகாட்டிக்கும் இதில்தான் மல்லுக்கட்டு.

குழந்தைகள் நலக் குழுவிலோ 1098 குழந்தைகள் உதவி எண்ணிலோ வேலை பார்த்தவர்கள் யாராவது பேச முடியுமா? பிள்ளைகளின் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் அதை வெளியிட விடாது. பிள்ளைகளிடம் என்ன கேட்டீர்கள், எத்தனை முறை கேட்டீர்கள், அவ்வளவுதான். ஞாயிறு என்றால் புதுச்சேரிக்கும் பஸ் ஏறி வந்துவிடுவேன்.